முதலாம் அத்தியாயத்தில் நான் கண்ட பிழை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று நீ கொஞ்ச நேரம் யோசித்திருப்பாய். என்னுடையதுதான். இதுவரை கிண்ணியாவிலிருந்து உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல என் தம்பி, உன் சாச்சா, எழுதியவை. நான் மூன்று விஷயம் சொன்னால் அவன் இரண்டை எழுதிவிட்டு, மூன்றாவதற்குப் பதிலாகத் தன் புத்திமதி ஒன்றைச் சேர்த்துவிடுவான். இந்தக் கடிதத்தில் அவன் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடியவில்லை, விரல் மரத்துப் போகிறது. அப்படியிருந்தும் காலையில் எழுந்ததும் கை பேனையைத்தான் தேடுகிறது. சந்தோஷத்தைச் சொல்லத் தொடங்கினால் அதிலேயே கடதாசி தீர்ந்துவிடும், அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் வருகிற பௌர்ணமிப் போயா கழிந்த மறுநாள் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். அதன் முதலாம் அத்தியாயத்தில் ஒரு பிழை இருக்கிறது. அச்சுக்கூடத்துக்காரர் விட்ட பிழை அல்ல, நான் விட்டது. அது அப்படியே புத்தகமாகிவிடக் கூடாது.

நீ அனுப்பிய அத்தியாயத் தாள்கட்டை வாசல் படலையடியில் வைத்தே பிரித்தேன். மேல் தாளில், தமிழில் வணிகம் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதினேன், இப்போது நீங்களே வாசிக்கிறீர்களாமே வாப்பா, வாசித்துப் பாருங்கள், பிழை கண்டால் குறித்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். தபால்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் அந்த மூன்று வரியையும் சத்தமாக வாசித்து முடிக்கும்வரை அந்த மனிதர் நகரவில்லை. முடிந்ததும், "முந்தி உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கு நான் நிப்பன். இப்ப நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் எனக்குப் பசியில்லை.

நான் எழுத்துப் பழகும் வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் ஆறு கிழவர்கள் முழங்காலை மடக்கி உட்காருகிறோம். ரீச்சருக்கு உன் வயதுகூட இராது. சின்ன வயதில் நான் குர்ஆன் ஓதியவன், அந்த எழுத்து என் கண்ணுக்குப் பழக்கம். தமிழ் எழுத்துப் பழகுமுன் என் வாப்பா மௌத்தாகி நான் படகு வேலைக்கு ஏறிவிட்டேன். ஆகவே எழுத்து என்றால் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் மாதம் என் கொப்பியைப் பார்த்து ரீச்சர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். பஸ்ஸின் நெற்றியை வாசிக்கிறேன், மருந்துப் போத்தலை வாசிக்கிறேன். கிண்ணியாத் துறையில் அக்கரைக்குப் போக நாம் ஏறி இறங்கும் பாதைப் படகில், நான் எப்போதும் சாய்ந்து நிற்கும் பலகையில், இங்கே துப்பக் கூடாது என்று பெரிதாக எழுதியிருக்கிறது மகன். முப்பது வருடமாக வெற்றிலை போட்டு நான் துப்பிவந்தது சரியாக அந்த இடத்தில்தான். ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தே துப்புகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அத்தியாயத்தை வாசித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று. குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து நான் வாசிப்பேன், உள்ளே உன் உம்மா மீன் வெட்டிக்கொண்டு கேட்பாள். சர்வதேச வர்த்தகம் என்ற சொல்லைத் தாண்டவே அரை நாள் போனது. யப்பானில் ஏழு வருடம் படித்த உன் படிப்பை நாங்கள் இருவரும் முதல் தடவையாகக் கேட்டோம். நீ ஒசாக்காவில் இருந்த காலத்தில் சந்தித் தேத்தண்ணீர்க் கடைக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். "காக்கா, மகன் அங்க என்னதான் படிக்கிறான்? யாவாரம்தானே. என்ட கடைக்கு அனுப்புங்க, மூணு மாசத்தில பழக்கிவிடுறன்." தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அந்த நாட்டில் ஒரு கம்பெனி சாமான் வாங்குகிறது, விற்கிறது, கப்பல் பிடிக்கிறது, இன்னொரு நாட்டில் யாருக்கு என்ன தேவை என்று ஆள் வைத்துப் பார்த்துவருகிறது, எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது என்று நீ எழுதியதைக் கடையில் வைத்து அவனுக்கு விளக்கினேன். அவன் தேத்தண்ணீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

ஐந்தாம் பக்கத்தில் நான் வந்தேன். "என் தந்தை திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்குப் படகொன்றை நடத்திய தண்டையலாக இருந்தவர்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று உம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் விரலை அந்த வரியில் வைக்கச் சொன்னாள், வைத்தேன். "பேர் போடல்லையா?" என்று கேட்டாள். தந்தை என்றால் நான்தானே, வேறு யார் என்றேன். அதற்குப் பிறகு ஆறாம் பக்கம். அதை வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிவிட்டது. உம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

நீ எழுதியது இதுதான். யப்பான் கப்பலில் வந்த டின் மீன் பெட்டிகள் நனைந்து குலைந்திருந்தன. தவறு கப்பலுடையது என்று தண்டையல் சொன்னார். கம்பெனி வாதாடவில்லை. குற்றத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த கப்பலில் பெட்டிகளுக்குக் கீழே வைக்க மரச்சட்டங்களை அனுப்பிவைத்தது. முறையீட்டை வாதாடாமல் ஏற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நிறுவனப் பண்பை என் தந்தையின் வாயால் எட்டு வயதில் முதல் தடவை அறிந்தேன் என்று முடித்திருந்தாய். அழகாக எழுதியிருக்கிறாய். நான் உனக்குச் சொன்ன கதையை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறாய். அந்தக் கதைதான் பிழை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கை நோவு என்று உம்மாவிடம் சொன்னேன். கை நோகவில்லை.

அப்போது வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடம். துறைமுகத்தில் வேலை குறைந்திருந்தது. கப்பல் கரைக்கு வராது, நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும், மரப் படகுகளில் நாங்கள் போய்ச் சரக்கை இறக்கிக் கரை சேர்ப்போம். மரப் படகுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் பலகை காய்ந்து சுருங்கும், பொருத்து வாய் விடும், தண்ணீர் உள்ளே வரும். அதனால் விடிந்ததும் முதல் வேலை, வாளியால் கடல் தண்ணீர் அள்ளிப் படகின் உள் தளம் முழுவதும் ஊற்றி ஊறவைப்பது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற்றுவோம். அது படகுக்குச் சோறு போடுவது மாதிரி. அதைச் செய்யாதவன் படகுக்காரனே இல்லை. அதுவரை வந்த சரக்கெல்லாம் மரப் பெட்டியில் வந்தது, கீழே ஈரம் இருந்தால் மரப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. அன்று அந்தக் கப்பலிலிருந்து இறங்கியது அட்டைப்பெட்டி. நாங்கள் வாழ்க்கையில் முதல் தடவை கண்டது. பாரம் குறைவு, பிடிக்க லேசு, எங்கள் ஐந்து பேருக்கும் பெரிய சந்தோஷம். பாட்டுப் பாடிக்கொண்டு ஏற்றினோம். நனைந்த பலகையின் மேல்தான் அடுக்குகிறோம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. பலகை எப்போதும் நனைந்துதானே இருக்கும்.

இரண்டாவது நடையில் அடி வரிசை கூழாகிவிட்டது. மேல் வரிசைகள் சரிந்து, டின்கள் உருண்டு, கடதாசிகள் கழன்று காலில் ஒட்டின. துறைமுகக் கந்தோரிலிருந்து கப்பலில் கணக்கெழுத வந்திருந்த கிளாக்கர் இறங்கி வந்து, பெட்டி மேலேயிருந்து வரும்போதே நனைந்திருந்ததா என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். படகு மேல் குற்றம் விழுந்தால் படகின் பெயர் கந்தோர்ப் பட்டியலிலிருந்து வெட்டுப்படும், பிறகு அந்த ஐந்து வீட்டுக்கும் வேலை இல்லை. ஓம், நனைஞ்சுதான் வந்தது என்று சொன்னேன். அவர் எழுதினார். நான் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். எழுதியது என்ன என்று எனக்குத் தெரியாது என்று பிற்பாடு என்னையே ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன். எழுதியது தெரியாவிட்டாலும் சொன்னது தெரியும்.

மகன், நீ எழுதியதில் இல்லாதது இனித்தான் வருகிறது, ஏனென்றால் இதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. கப்பலில் சரக்கறைக்குப் பொறுப்பாக ஒரு மாலுமி இருந்தார். நாற்பது வயதுக்கு மேல், கட்டையான ஆள், ஒரு காது கொஞ்சம் மடங்கியிருக்கும். கடதாசி மேலே போன கொஞ்ச நேரத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட ஓர் அதிகாரி அவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ஏசினார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நாங்கள் கீழே படகிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களில் ஒருவன் சிரித்தும் விட்டான். ஏசி முடிந்ததும் அவர் நூலேணியால் எங்கள் படகுக்கு இறங்கினார். முழங்காலில் இருந்து தளப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். விரலை நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி மேலே கப்பலைக் காட்டினேன். அவர் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அந்த டின்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். பெயர் கழன்ற டின்னைக் கடைக்காரர் எடுக்கமாட்டார்கள் என்று துறைமுக ஆட்களுக்கே மலிவாகத் தள்ளிவிட்டார்கள். பொய் சொன்னவன் வீட்டுக்கு ஒரு சாக்கு நிறைய வந்தது. கடதாசி இல்லாததால் எல்லாம் மீன் என்றுதான் நினைத்தோம். உம்மா கொச்சிக்காய் அரைத்து, தேங்காய்ப் பால் பிழிந்து, சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு டின்னை வெட்டினால் உள்ளே சீனிப்பாகில் தோடம்பழச் சுளை. நீயும் தங்கச்சியும் சட்டியைச் சுற்றி ஆடினீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டின்னையும் வெட்டுமுன் நீ காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்து, இது மீன், இது பழம் என்று தீர்ப்புச் சொல்வாய். பாதிக்கு மேல் பிழைக்கும். உம்மா, "இவன்ட காத நம்பி நான் மீன் ஆணம் வைக்க ஏலாது" என்று இரண்டுக்கும் ஆயத்தமாக இருப்பாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் நீ வாயில் சுளையோடு, வாப்பா, பெட்டி எப்படி நனைந்தது என்று கேட்டாய். கப்பலில் நனைந்தது என்றேன். கந்தோருக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்த நேரம்தான். உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

சில மாதம் கழித்து அதே கப்பல் வந்தது. அந்த மாலுமி நாங்கள் ஏணியடிக்குப் போய்ச் சேர்ந்ததுமே கயிற்றில் கட்டி மரச்சட்டங்களை இறக்கினார், பின்னாலேயே தானும் இறங்கினார். அவற்றைக் கம்பெனி அனுப்பியது என்று எழுதியிருக்கிறாய். நான் தொட்டுப் பார்த்தவன் மகன். பழைய பெட்டிகளை உடைத்து, கைவாளால் அறுத்த சட்டம். ஒன்று நீளம், ஒன்று கட்டை, ஒரு பலகையில் தேயிலைப் பெட்டியின் படம்கூட இருந்தது. அவருடைய இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது, சுத்தியல் பட்டிருக்கும். இறங்கியவர் செய்த முதல் காரியத்தைக் கேள். எங்கள் வாளியை எடுத்தார். கடல் தண்ணீர் அள்ளி, தளப் பலகை முழுவதும் எங்களை மாதிரியே ஊற்றினார். எங்கள் வழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை என்று வேறு எப்படிச் சொல்வார், அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. பிறகு அதன் மேல் சட்டங்களைப் பரப்பி, ஒரு பெட்டியை வைத்து, கீழே கையை விட்டு, காய்ந்த விரலை எனக்குக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. குச்சவெளிக் கருவாடு ஒரு கட்டு படகில் இருந்தது, அதைக் கொடுத்தேன். டின்னில் மீன் கொண்டுவந்த மனிதர் கருவாட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். பெயரைக் கேட்டிருக்கலாம். நெஞ்சைத் தொட்டு என் பெயரைச் சொன்னால் அவர் தன் பெயரைச் சொல்லியிருப்பார். அதைச் செய்ய எனக்கு முகம் இருக்கவில்லை.

கம்பெனி செய்ததல்ல என்பதற்கு இன்னும் ஒன்று சொல்கிறேன். அதற்கடுத்து அதே கம்பெனியின் வேறு கப்பல் வந்தது. அதே அட்டைப்பெட்டி. அந்த மாலுமி இல்லை, சட்டமும் இல்லை. அவர் தந்த சட்டங்களைத்தான் நாங்கள் உக்கிப்போகும்வரை போட்டுப் பாவித்தோம், மற்றப் படகுக்காரர்களும் பார்த்துச் செய்துகொண்டார்கள்.

இதை நான் உனக்குச் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது. புலமைப்பரிசில் நேர்முகத்துக்குக் கொழும்புக்குப் போய்விட்டு வந்தாயே, அன்று. ஏன் யப்பானிய வணிகத்தைப் படிக்க விரும்புகிறீர் என்று கேட்டார்கள், வாப்பாவின் கதையைச் சொன்னேன், மூன்று பேரில் மூத்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார் என்று நீ போட்டுவந்த காற்சட்டையை மாற்றாமலே நின்றபடி சொன்னாய். இப்போது உண்மையைச் சொன்னால் பிள்ளையின் கையிலிருப்பது நழுவிப்போகும் என்று நினைத்தேன். உம்மா வட்டிலப்பம் செய்தாள், நான் மூன்று துண்டு சாப்பிட்டேன், வாயைத் திறக்காமலிருக்க அது வசதியாக இருந்தது. நீ விமானம் ஏறினாய், அந்தப் பொய்யும் உன்னோடு ஏறியது. உன் படிப்பு பொய்யில் நின்றது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குளிரில், அந்தப் பாஷையில், ஏழு வருடம் விளக்கை எரித்தவன் நீ. வாசல் கதவைத் திறந்தது மட்டும் நான் சொன்ன கதை. அது உன் புத்தகத்திலும் முதல் கதவாக நிற்கிறது.

ஆறாம் பக்கம் வாசித்த அன்றே உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "மகனுக்கு எழுதுங்க" என்றாள். புத்தகம் பிந்தும், அவனுக்குத் தலைகுனிவு வரும், ஊரில் என்ன கதைப்பார்கள் என்று நான் இழுத்தேன். "இவ்வளவு காலமும் எழுதத் தெரியாதெண்டு இருந்தீங்க. இப்ப தெரியும்தானே" என்றாள். நான் பேனையை எடுத்தேன்.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. அச்சுக்கூடத்துக்குப் போய் அந்த அத்தியாயத்தை நிறுத்து. பிந்தினால் பிந்தட்டும். கதையை எடுத்துவிடாதே, திருத்து. தண்டையல் பொய் சொன்னார் என்று எழுது. தந்தை என்று மட்டும் போட்டது போதாது என்று உம்மா சொல்கிறாள், ஆகவே என் பெயரையும் போடு. தேத்தண்ணீர்க் கடையில் சிரிப்பார்கள். நானும் அங்கேயிருந்து வாசித்துக் காட்டிச் சிரிக்கத்தான் போகிறேன். அந்த நேர்முகத்து மூத்தவர் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு கடிதம் எழுது. அவர் கோபித்தால் வாப்பா மேல் போடு, எனக்குத் தோள் இருக்கிறது. மற்ற அத்தியாயங்களையும் ஒரு தடவை பார் மகன். கம்பெனி செய்தது, கம்பெனி நினைத்தது என்று நீ எழுதிய இடங்களில் நின்று, யார் என்று கேள். எல்லா இடத்திலும் பதில் கிடைக்காது. சில இடத்தில் கம்பெனிதான் என்றுகூட இருக்கும், உனக்கு அது என்னைவிடத் தெரியும். ஆனால் யார் சொன்ன கதையானாலும், வாப்பா சொன்னதானாலும், படகுக்குள் இறங்கித் தளத்தைத் தொட்டுப் பார்க்காமல் எழுதாதே. நீ கேட்டபடி அச்சுப் பிழைகளையும் குறித்திருக்கிறேன், மூன்று இருந்தன. மூன்றாவதைப் பிழை என்று ரீச்சரும் ஒப்புக்கொண்டார்.

நாளைக் காலையில் முதலாவது பாதைப் படகில் ஏறி, டவுன் தபால் கந்தோரில் இதை நானே பதிவுத் தபாலில் கொடுக்கிறேன். போயாவுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, கிடைத்துவிடும். அந்த மாலுமிக்கு இப்போது அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஒசாக்காத் தெருவில் நீ அவரைக் கடந்து போயிருக்கவும் கூடும். அவர் தமிழ் வாசிக்கப் போவதில்லை, உன் புத்தகம் அவர் கைக்குப் போகப் போவதுமில்லை. ஆனாலும் நம்முடைய பிள்ளைகள் அவரைக் கம்பெனி என்று வாசிக்கக் கூடாது.

உன் வாப்பா